நெடியோன் எழுதிய காதல் நாவல்

ஒரு கதவு என்னை மதிக்கவில்லை. அதனால்தான் நான் நாவலாசிரியன் ஆனேன்.

புதிதாகத் திறந்த மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவு அது. ஆள் வந்தால் தானாக விலகும். எனக்கு முன்னால் போன பெரியவருக்கு விலகியது. அவர் பின்னால் போன பூனைக்கும் விலகியது. நான் போய் நின்றேன். கம்மென்று இருந்தது. இரண்டடி பின்னால் வந்து மறுபடி போனேன். கையை ஆட்டினேன். லேசாகக் கனைத்துப் பார்த்தேன். ஒரு கதவிடம் கனைத்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். அதற்குள் கையில் பையோடு என் மனைவி வந்து சேர்ந்தாள். கதவு மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது.

"கொஞ்சம் நடுவுல நில்லுங்க. எப்பவும் ஓரமாவே நின்னா அதுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கடையில் வேலை. முன்பக்கம் இல்லை, பின்னறை. லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது என் தொழில். ஊரில் பாதிப் பேருடைய பார்வை என் கையால் தெளிந்திருக்கிறது. அவர்களில் ஒருவர் பார்வையிலும் நான் பட்டதில்லை. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். தலைமுடி விஷயத்தில் எனக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. ஹோட்டலில் பக்கத்து மேசைக்காரர் கேட்டதையே நானும் கேட்பேன். போன் பண்ணுவதற்கு முன் என் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். பல குடும்பங்களின் ஆல்பத்தில் என் இடது தோள் மட்டும் இருக்கிறது.

என் மனைவி வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, உடைகளை அளவு மாற்றிக் கொடுக்கிறாள். பெருத்துப் போனவர்கள், இளைத்துப் போனவர்கள், அண்ணன் பேன்ட்டைத் தம்பிக்கு ஆக்கவேண்டியவர்கள் எல்லோரும் வருவார்கள். "உங்க உடம்பு சரியாத்தான் இருக்கு, துணிதான் தப்பு" என்று சொல்லி அனுப்புவாள். அதைக் கேட்பதற்காகவே வருகிறவர்கள் உண்டு. பழைய தமிழில் தையல் என்றால் பெண். எங்கள் வீட்டில் இரண்டு அர்த்தமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

மருந்துக்கடையிலிருந்து திரும்பியதும் முடிவெடுத்தேன். ஒரு மாதப் பத்திரிகை காதல் நாவல்கள் கேட்டு விளம்பரம் போட்டிருந்தது. நிஜத்தில் என்னால் வளர முடியாது. காகிதத்தில் வளர யார் தடுப்பது? புனைபெயரையும் அப்போதே வைத்தேன். நெடியோன்.

என் கதாநாயகன் ஆறடி இரண்டு அங்குலம். விமானி. அது போதாதென்று பட்டதால் இதய அறுவை மருத்துவராகவும் ஆக்கினேன். காலையில் ஓட்டுவான், மாலையில் அறுப்பான். அவன் வருவதற்குள்ளேயே கதவுகள் திறந்துவிடும். அவனைப் பார்த்த கதாநாயகி முதல் அத்தியாயத்திலேயே மூன்று முறை மயங்கினாள். நான்காவது முறை மயங்கியிருப்பாள். தாள் தீர்ந்துவிட்டது.

வீட்டுக்குத் தெரியாமல் எழுதவேண்டும். உடம்பு இளைக்க நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு தினமும் மாலையில் மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதினேன். பத்தாவது நாள் விசாரணை வந்தது.

"தினமும் ஒரு மணி நேரம் நடக்கறீங்க. செருப்பு தேயவே இல்லையே?"

"மெதுவா நடக்கறேன்."

"வேர்க்கவும் இல்ல."

"மேல நல்ல காத்து."

"விரல்ல நீலமா என்னது?"

"படிக்கட்டுக் கைப்பிடிக்குப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க."

"கைப்பிடி பச்சையில்ல?"

"கீழ பச்சை. போகப்போக நீலம்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. மறுநாள் ஒரு பழைய சட்டையை நீட்டினாள். "பெயிண்ட் கறை போகாது. நடக்கறப்ப இதைப் போட்டுக்குங்க." என்ன வெள்ளை மனசு என்று எனக்கு நெஞ்சு கனத்தது. அந்தச் சட்டையின் பை மற்றச் சட்டைகளின் பையைவிடக் கொஞ்சம் பெரிது. என் நோட்டு அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மாதத்தில் நாவல் முடிந்தது. மேல்வீட்டில் டைப் அடித்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். டைப்பிங் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவரிடம் நோட்டைக் கொடுத்தேன்.

"நெடியோன்னு போட்டிருக்கு. யாரு அது?" என்றார்.

"நான்தாங்க்கா."

அக்கா முதலில் என் தலைக்கு மேலே கொஞ்ச தூரம் பார்த்தார். அப்புறம் பார்வையை இறக்கி என்னைக் கண்டுபிடித்தார்.

"இது என் வீட்டுக்காரிக்குத் தெரியக்கூடாது. சொல்லமாட்டேன்னு சொல்லுங்க."

"சத்தியமா சொல்லமாட்டேன் தம்பி."

இரண்டு வாரம் என்றவர் ஆறு வாரம் எடுத்துக்கொண்டார். கடைசியில் உறையை ஒட்டியே கொடுத்தார். பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எழுதியவனுக்குத் தெரியாதா உள்ளே என்ன இருக்கிறதென்று? தபாலில் போட்டேன். பதில் கடை விலாசத்துக்கு வரும்படி ஏற்பாடு.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை தடிமனான உறை வந்தது. பத்திரிகையின் ஆசிரியை கைப்பட எழுதியிருந்தார். நாவலைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். 'கதவு திறக்காத காட்சியில் சிரிக்க ஆரம்பித்து, முடியும்போது அழுதுகொண்டிருந்தேன்' என்று எழுதியிருந்தார். அச்சுப்படியைச் சரிபார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை நேரில் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார்.

கடிதத்தை மறுபடி படித்தேன். என் நாவலில் திறக்காத கதவே கிடையாது.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில், பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அச்சுப்படியைப் பிரித்தேன். விமானியைக் காணோம். மருத்துவரையும் காணோம். கதாநாயகன் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை செய்தான். 'ஓர் அறைக்குள் வரும்போது, வந்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல வருவான்' என்று இருந்தது. போன் பண்ணுவதற்கு முன் தன் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அதை நான் கதவைச் சாத்திக்கொண்டல்லவா செய்கிறேன்?

கோபம் வரவேண்டும். வரக் காத்திருந்தேன். அதற்குள் அடுத்த பக்கம் வந்துவிட்டது.

'தேய்த்து முடித்த லென்ஸை ஊதித் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும் அந்த ஒரு நொடி மட்டும் அவன் நிமிர்ந்து நிற்பான். அப்போது அவன் எவ்வளவு உயரம் என்று அவனுக்கே தெரியாது. அதைப் பார்ப்பதற்காக அவள் ஒரே வருஷத்தில் மூன்று முறை தன் கண்ணாடியை உடைத்தாள்.'

கல்யாணமான முதல் வருஷம் என் மனைவி மூன்று முறை கண்ணாடியை உடைத்தாள். கவனம் போதாது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

சாப்பாடு ஆறிப்போனது. நான் படித்துக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரியாத என்னையெல்லாம் அவள் எடுத்து அடுக்கி வைத்திருந்தாள். கேலி ஒரு துளி இல்லை. என்னை யாரோ முதல் தடவையாகச் சரியான நம்பர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தமாதிரி இருந்தது.

பதினான்காவது அத்தியாயத்தில் கதாநாயகி வாய் திறந்தாள். 'ஊரார் உடம்பெல்லாம் சரி என்று சொல்லி அனுப்புகிறவள் நான். என் அளவை மட்டும் ஒருநாளும் எடுத்ததில்லை. இவன் யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவன். கல்யாணத்துக்குக் கேட்டபோதும் அப்படித்தான் தலையாட்டினானோ? எப்படிக் கேட்பேன்?'

அவள் கேட்கவில்லை. நாவல் அப்படியே முடிந்துவிட்டது.

அன்று மாலை நான் வீட்டுக்குப் போனபோது அவள் ஒரு பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நெடியோன் நாவலைப் படிச்சேன்," என்றேன்.

"நல்லா இருந்துச்சா?"

"என் விமானி எங்க?"

"அவனை நிக்க வச்சுப் பாத்தேன். நிக்கல. எல்லாப் பக்கமும் தொளதொளன்னு இருந்தான். பிரிச்சுட்டேன்."

"முழுசாவா?"

"'அவள் மூச்சு நின்றது'ன்னு ஒரு வரி இருக்குல்ல, அது உங்களுதுதான். அதைத் தொடல."

"அக்கா சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணாங்களே."

"சொல்லலையே. காட்டினாங்க."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். "அந்தப் பதினாலாவது அத்தியாயம். அது கதையா?"

அவள் குனிந்து, விழாத குண்டூசியைத் தரையில் தேடினாள். "கதைன்னா எதையாவது எழுதத்தானே வேணும்."

"உனக்கு முன்னாடி ரெண்டு இடம் வந்துச்சு. ரெண்டுக்கும் முடியாதுன்னு சொன்னேன்."

"யாரு, உங்கம்மாவா?"

"நான்தான். என் வாயாலயே. முதல்ல சத்தம் வரல. அம்மா 'என்னடா'ன்னாங்க. மறுபடி சொன்னேன்."

தேடுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். "நீங்களா? எதுக்கு?"

"அதுக்கு முந்தின மாசம் ஒரு பொண்ணு அவ அப்பாவோட கண்ணாடியை எடுத்துக்கிட்டுக் கடைக்கு வந்தா. முன்னாடி இருந்தவர், 'பின்னாடி ஒருத்தன் இருக்கான், அவன் போட்டுக் குடுத்துடுவான்'னார். அவ எட்டிப் பாத்து, 'அவருக்குப் பேர் இல்லையா'ன்னு கேட்டா. மூணாவதா அந்தப் பொண்ணு பேரைச் சொல்லலாம்னு அம்மாகிட்டப் போனேன். வாய் வரல. சீட்டுல எழுதிக் குடுத்தேன்."

கையிலிருந்த பேன்ட்டை அவள் மடியில் இறக்கி வைத்தாள்.

"அது நானா?"

"வேற யாரு அப்படிக் கேப்பா?"

"பத்தொம்பது வருஷமா இதைச் சொல்லலையே."

"நீ கேக்கலையே."

"எதைக் கேட்டாலும் நீங்க ஆமான்னுதான் சொல்லுவீங்க. அதான் கேக்கல."

பேன்ட் துணியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். ஊசியில் நூல் இல்லை. இரண்டு பேரும் அதைக் கவனிக்காததுபோல இருந்தோம்.

அன்றைக்கு எனக்குள் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இந்த நாவல் அவளுடையது. இதில் நெடியோன் என்று என் பெயர் வரலாகாது. நானே போய் ஆசிரியையிடம் உண்மையைச் சொல்லி, அவள் பெயரைப் போட வைக்கவேண்டும். வீட்டில் சொன்னால் "அதெல்லாம் எதுக்குங்க" என்று தடுத்துவிடுவாள். சத்தம் காட்டாமல் செய்யவேண்டும். மூன்று நாள் அந்தப் பேச்சைத் தயார் பண்ணினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழுப் பேச்சு.

வெள்ளிக்கிழமை காலை, "லென்ஸ் சரக்குப் பாக்கப் போகணும், கடையில அனுப்பறாங்க" என்றேன்.

"சரி," என்றாள். இஸ்திரி போட்ட நல்ல சட்டை கட்டிலில் தயாராக இருந்தது. பாவம், எதையும் சந்தேகப்படத் தெரியாதவள்.

பத்திரிகை அலுவலகம் இரண்டாம் மாடியில். ஆசிரியைக்கு அறுபது வயதிருக்கும். மூக்குநுனியில் கண்ணாடி. உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். ஆரம்பித்தேன்.

"அம்மா, நெடியோன்கறது நான்தான். ஆனா நாவல் என்னுது இல்ல. நான் எழுதினவன் ஆறடி இருந்தான், அவனுக்கு உயிர் இல்ல. இதுல இருக்கறவன் குள்ளம், ஆனா மூச்சு விடறான். அந்த மூச்சைக் குடுத்தது என் மனைவி. தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவ நினைச்சுக்கிட்டிருக்கா. அவ பேர்லதான் இது வரணும். வேற பேர்ல வர்றதுக்கு நான் சம்மதிக்கமாட்டேன். முடியாது."

கடைசிச் சொல் நன்றாகச் சத்தமாக வந்தது. பக்கத்து மேசையில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

ஆசிரியை மேசை இழுப்பறையைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார். நெடியோன் என்பது அடிக்கப்பட்டிருந்தது. மேலே நேராக, பெரிய எழுத்தில், என் மனைவியின் பெயர். அவள் கையெழுத்து. புதன்கிழமைத் தேதி.

"முந்தாநாளே வந்துட்டுப் போயிட்டாங்க," என்றார். "வெள்ளிக்கிழமை அவரு வருவாரு, பேசி முடிக்கற வரைக்கும் எதுவும் சொல்லிடாதீங்கன்னாங்க. அடுத்த நாவலோட முதல் அத்தியாயத்தையும் குடுத்துட்டுப் போயிருக்காங்க."

அந்த அத்தியாயத்தின் தாளை எடுத்துப் படித்தார். "'இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு குள்ளமான மனிதர் பத்திரிகை அலுவலகத்துக்கு வருகிறார். நாற்காலியின் நுனியில் உட்காருகிறார்.'"

நான் கீழே பார்த்தேன். நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன். மெல்லப் பின்னால் நகர்ந்தேன்.

"'இப்போது பின்னால் நகருகிறார்,'" என்று படித்தார் ஆசிரியை.

என்ன பெண்ணோடு இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன். கடைசியில் மெதுவாகக் கேட்டேன். "நான் பேசினதும் அதுல இருக்காம்மா?"

"ரெண்டு பக்கத்துக்கு இருக்கு," என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு. "தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க பேசினதைவிட அது நல்லா இருக்கு."