மாமியார் கொண்டையும் லம்பாம் மீனும்

புகுந்த வீட்டில் நல்ல பெயர் வாங்க ஆயிரம் வழிகள் உண்டு. மாமியாரின் கொண்டையை ஊரார் முன்னிலையில் தூண்டிலில் மாட்டி இழுப்பதை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். நான் அந்த வழியாகத்தான் போனேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. மலாக்காவின் பெம்பானில் இருந்த மாமியார் வீட்டிலிருந்து ஆயர் குரோ தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போய்வந்தேன். அங்கே ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்பிய ஓர் ஆங்கிலேய இன்ஜினியர், தன் தூண்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மதிய வேளைகளில் கார் நிறுத்துமிடத்தில் அவர் சாட்டை போல அதை வீசிக் காட்டியபோது, சிரிக்காமல் கற்றுக்கொண்ட ஒரே ஆள் நான்தான்.

அந்தத் தூண்டிலுக்குப் புழு வேண்டாம். கொக்கியில் பட்டுநூலைச் சுற்றி, தலைப்பக்கம் ஒரு மெல்லிய கோழி இறகைச் சுழற்றிக் கட்டினால் ஒரு பொய் ஈ தயார். தண்ணீருக்குள் போனதும் இறகு விரிந்து சுருங்கி, உயிருள்ள பூச்சி போலவே மூச்சுவிடும். அவர் ஊரின் குளிர்ந்த ஆறுகளில் டிரவுட் என்ற மீனை இப்படித்தான் பிடிப்பார்களாம். (மலாக்கா வெயிலில் டிரவுட் பிழைக்க வேண்டுமானால் ஐஸ்பெட்டிக்குள்தான் குடித்தனம் நடத்த வேண்டும்.) டிரவுட் இல்லாவிட்டால் என்ன? வெள்ளி உடம்பும் சிவப்பு வாலுமாக நம் லம்பாம் இருக்கிறதே!

பட்டுநூலை என் முகூர்த்தப் புடவைக் குஞ்சத்திலிருந்து உருவினேன். இறகுக்கு மாமியாரிடம் போனேன். அவர் குழம்புக்குக் கோழி உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, கழுத்து றெக்கை கொஞ்சம் வேணும்."

"காது குடையவா? எடுத்துக்க."

நான் கட்டிய ஈயை என் கணவர் சேகரின் அண்ணன் தனபால் மாமா உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பெம்பான் மீன்குளத்து ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் அவர்தான் நிரந்தரச் சாம்பியன்.

"இதப் பாத்தா மீனு கடிக்காதும்மா. சிரிக்கும்லா."

"கடிச்சிட்டா?"

"கடிச்சிட்டா அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் நான் சமைக்கிறேன்."

போட்டியன்று குடும்பமே குளக்கரையில் கூடியது. மாமியார் மல்லிகைச் சரம் சூடிய பெரிய கொண்டையோடு, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைச் சுமந்து வந்தார். மற்றவர்கள் ரொட்டி மாவு உருண்டையைப் போட்டுவிட்டுச் சிவனே என்று உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் எழுந்து நின்று முன்னும் பின்னுமாகச் சுழற்றினேன்.

"என்னா, சினிமா ஷூட்டிங்கா?" என்றது ஒரு குரல். எனக்கு ரோஷம் வந்தது. இன்னும் வேகமாகச் சுழற்றினேன். பின்னால் போன நூல் எதிலோ மாட்டியது. செடியாக இருக்கும் என்று பலம் கொண்ட மட்டும் இழுத்தேன்.

கறுப்பாக ஏதோ ஒன்று மல்லிகை மணக்க என் தலைக்கு மேலே பறந்து போய்க் குளத்தில் விழுந்தது.

"ஐயோ, எலி!" என்று யாரோ கத்தினார்கள்.

எலி இல்லை. என் மாமியாரின் சவுரி.

(கொண்டையில் பாதிக்கு மேல் கடையில் வாங்கியது என்பது அதுவரை எனக்கே தெரியாது.) திரும்பிப் பார்த்தேன். அத்தை கையில் பொட்டலத்தோடு நின்றார். தலையில் சுண்டுவிரல் மொத்தத்துக்கு ஒரு பின்னல் தொங்கியது. என் கணவர் திடீரென்று வானத்து மேகங்களை ஆராயத் தொடங்கினார். குளத்தில் குதித்துவிடலாமா என்று யோசித்தேன். அங்கே ஏற்கெனவே சவுரி மிதந்துகொண்டிருந்தது.

சொட்டச் சொட்ட அதை இழுத்து வந்து கொடுத்தேன். அத்தை துணி பிழிவது போலப் பிழிந்து கூடைக்குள் போட்டார்.

"எல்லாரும் பாத்தாச்சில்ல? இப்ப அவள வீச விடுங்க!" என்று கரைக்கே கேட்கச் சொன்னார். பிறகு என் காதருகே, "மானம் போனது போயிருச்சு. மீனு இல்லாம மட்டும் வீட்டுக்கு வந்துறாத" என்றார்.

குளத்தின் மூலையில் பம்புக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டி, சின்ன ஆறு போல ஓடிக்கொண்டிருந்தது. அங்கே போனேன். ஓட்டத்துக்குக் குறுக்கே ஈயை விட்டேன். அது வளைந்து மிதந்து போனது.

"இழும்மா, இழு!" என்று தனபால் மாமா கத்தினார்.

"நீ வாய மூடுடா. அவளுக்குத் தெரியும்" என்றார் அத்தை.

நூல் விறைத்தது. ரீல் கிறீச்சிட்டது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளித் தட்டு எழும்பி விழுந்தது. லம்பாம்! அது இழுத்த இழுப்பில் சேற்றில் வழுக்கி, முழங்காலளவுத் தண்ணீரில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டேன். தூண்டிலை மட்டும் விடவில்லை. அடுத்து நான் பார்த்தது, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வலையோடு குளத்தில் இறங்கும் என் மாமியாரை. "விடாதடி, விடாதடி" என்று அலறியபடியே மீனை அள்ளினார். இருவரும் சேற்றிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டோம். நடுவில் மீன் துள்ளியது.

தராசில் அதன் பக்கத்தில் தனபால் மாமாவின் கெளுத்தி, சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள வைத்தது போல இருந்தது. முதல் பரிசு மேசை விசிறி. அத்தை மீனைத் தூக்கிக் காட்டியபடி, ஒல்லிப் பின்னல் ஆட, குளத்தை ஒரு சுற்று வலம் வந்தார். கரை முழுக்கக் கைதட்டல். அடுத்த ஞாயிறு தனபால் மாமா சமைத்தார். (அந்தக் குழம்பைப் பற்றி எழுத எனக்கு மனத்திடம் போதாது.)

அன்றோடு அத்தை சவுரியை விட்டுவிட்டார். "பாக்க வேண்டியவங்க எல்லாம் பாத்தாச்சு, இனிமே யாருக்கு?" என்றார். இன்றும் நான் தூண்டிலைக் கையில் எடுத்தால், குடும்பத்தில் அத்தனை பேரும் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொள்கிறார்கள். எல்லாரையும் விட இறுக்கமாகப் பொத்திக்கொள்பவர் தனபால் மாமா. அவருக்கு வழுக்கை விழுந்து வருஷக்கணக்காகிறது.