பிடித்தம் போக எவ்வளவு?

முனைவர் பட்டம் வாங்கியவர்களிடம் உலகத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேட்கலாம், சம்பளத்தைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. அறிவில்லை என்பதல்ல, பழக்கமில்லை. ஆராய்ச்சி மாணவியாக இருந்த வருடங்களில் எனக்கு வந்ததெல்லாம் உதவித்தொகை. வரும்போது முழுசாக வரும் (வராதபோது முழுசாக வராது). வரி என்றோ பிடித்தம் என்றோ அதில் யாரும் கை வைத்தது கிடையாது. சாயக்கழிவுத் தண்ணீரிலிருந்து நிறத்தைப் பிரித்தெடுப்பது என் ஆராய்ச்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் எவ்வளவு சாயம் மிச்சமிருக்கிறது என்று புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை சொல்வேன். என் சம்பளத்தில் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன். நல்ல வேளையாக யாரும் கேட்கவில்லை. கெட்ட வேளையும் அதுதான்.

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருட வேலை கிடைத்தது. வேலை உத்தரவில் மாதச் சம்பளம் யூரோவில் இருந்தது. அதைச் செல்போனில் ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு, அன்று இரவே பெருந்துறையில் என் மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன்.

"மாசம் நாலரை லட்சமுங்க மாமா."

மாமா தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி வைத்திருக்கிறார். என் கணவர் பிரபு அவரோடுதான் தொழில் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை நான் மட்டும் போய்விட்டு வருவதாகத்தான் பேச்சு. நாலரை லட்சம் என்றதும் பேச்சு மாறியது.

"அப்புறம் எதுக்குப் புள்ளையத் தனியா அனுப்போணும்? பிரபு நீயும் கூடப் போ. கம்பெனிய உன்ற தம்பி பாத்துக்குவான்" என்றார் மாமா.

அத்தைக்கு அதைவிடச் சந்தோஷம். விடிவதற்குள் சொந்தத்தில் பாதிப் பேருக்குப் போன் போட்டுவிட்டார். பிரபு சாவிக்கொத்தைத் தம்பியிடம் கொடுத்து, ஆர்டர்களையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். எல்லாம் என் வாயிலிருந்து வந்த ஒரு எண்ணை நம்பி.

நானோ வீடு தேடிக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் வீடு கிடைக்க வங்கிக் கணக்கு வேண்டும், வங்கிக் கணக்கு திறக்க முகவரி வேண்டும், முகவரிக்கு வீடு வேண்டும். ராட்டினத்தில் ஏற்றிவிட்டு நிறுத்துகிற ஆளைக் காணோம் என்பது மாதிரி இருந்தது. கண்ட விளம்பரத்துக்கெல்லாம் விண்ணப்பித்தேன். பதில் வரவில்லை. சாப்பிடும்போது மெயில் பார்ப்பேன், பல் துலக்கும்போது பார்ப்பேன். கோவையில் ஆய்வகத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில் மெயிலைப் பார்த்துக்கொண்டே, இறங்க வேண்டிய காந்திபுரத்தைத் தாண்டிப் போய், எதிர்ப் பஸ் பிடித்துத் திரும்பியதும் உண்டு. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. "அம்மணி, காலை ஆட்டாத, மேசையே ஆடுது" என்று அத்தை சொல்லாத நாளில்லை.

கடைசியில் ஒரு வீட்டுக்கார அம்மாள் பதில் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வீட்டைக் காட்டுகிறேன், அப்படியே உங்களோடும் பேச வேண்டும் என்று. அவர்களுக்குக் காலை நேரம், நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம்.

அந்த ஞாயிறு பார்த்துத்தான் மாமாவின் அக்கா (எங்களுக்குப் பெரியத்தை), பிள்ளை மருமகள் பேரக்குழந்தைகளோடு கோழிக் குழம்பு சாப்பிட வந்திருந்தார். நான் மாடி அறைக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று லேப்டாப்பைத் தூக்கினேன். பிரபு விடவில்லை.

"சின்னத் திரையில என்ன தெரியும்? டிவியில மாட்டிப்போடறேன். எல்லாரும் ஊட்டப் பாக்கட்டும்."

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை, ஜெர்மனி வீட்டை அத்தனை பேர் முன்னால் பார்ப்பதில். லேப்டாப்பை டிவிக்குக் கீழே வைத்து ஒயரைச் செருகினார். முன்னால் நாற்காலியில் நான். எனக்குப் பின்னால் சோபாவிலும் தரையிலுமாக எட்டுப் பேர். லேப்டாப்பின் கேமரா எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது என்பது ஒன்பது பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை (அதில் இருவர் எஞ்சினியர், ஒருத்தி டாக்டர்).

டிவி முழுக்க அந்த அம்மாளின் முகம் வந்தது. வெள்ளை முடி, கண்ணாடி, நிதானமான ஆங்கிலம். முதலில் என் பின்னால் எதையோ கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பி வீட்டைக் காட்டினார். கூடம் நன்றாக இருந்தது, படுக்கையறை நன்றாக இருந்தது. அடுத்து ஒரு வெறும் அறை. சுவரிலிருந்து இரண்டு குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வேறு ஒன்றுமில்லை. இதுதான் சமையலறை என்றார்.

"அடுப்பு மேடையெல்லாம் எங்கீங்க?" என்று அத்தை பின்னாலிருந்து கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போய்விட்டார், வருகிறவர் தன்னுடையதைக் கொண்டுவந்து மாட்டிக்கொள்ள வேண்டும், இங்கே அதுதான் வழக்கம் என்றார் அந்த அம்மாள்.

"பாத்திரம் கழுவற தொட்டியக் கூடவா களவாண்டுட்டுப் போனாங்க?" என்றார் பெரியத்தை. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு வாடகை. குளிர் வாடகை இவ்வளவு, சூடு வாடகை இவ்வளவு என்று இரண்டு தொகை சொன்னார். வெறும் வீட்டுக்கு முன்னது, வெந்நீரும் கணப்பும் சேர்த்தால் பின்னது என்று பிரபு எல்லோருக்கும் விளக்கினார். "குளிர் ஊடே எடுத்துக்குங்க கண்ணு, போர்வை நாங் குடுத்தனுப்பறேன்" என்றார் அத்தை.

அதுவரைகூடப் பாதகமில்லை. அடுத்து என் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, குரலைக் கொஞ்சம் உயர்த்தியே சொன்னேன். சோபாவுக்கும் கேட்க வேண்டுமே.

அந்த அம்மாள் தலையசைத்தார். "இது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. பிடித்தம் போக எவ்வளவு?"

நான் மறுபடியும் அதே தொகையைச் சொன்னேன். குழந்தைக்குச் சொல்வதுபோல அவர் பொறுமையாக விளக்கினார். வருமான வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வேலையிழப்புக் காப்பீடு, வயதான காலத்தில் பராமரிக்க ஒரு காப்பீடு. விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொரு விரலுக்கும் என் பின்னால் சோபா லேசாகக் கிறீச்சிட்டது. கடைசியில், கையில் வருவது நீங்கள் சொன்னதில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது என்றார். அதில் பெரும் பாதி சூடு வாடகைக்கே போய்விடும் என்றும் அவரே கூட்டிச் சொன்னார். எங்கள் வீட்டு டிவியின் ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். தெருவுக்கே கேட்டிருக்கும்.

மாமா பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கால் மட்டும் ஆடியது.

கடைசியாக ஒரு கேள்வி என்றார் அந்த அம்மாள். இவர்கள் எல்லோரும் உங்கள் குடும்பமா?

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா எழுந்து நின்றார். மருமகள் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற வேகம் அவருக்கு. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார்.

"யெஸ் மேடம். ஆல் ஃபேமிலி. வீ ஆல் கமிங் பிஹைண்ட் ஹர்."

குடும்பமே அவளுக்குப் பின்னால் நிற்கிறோம் என்று சொல்ல வந்திருக்கிறார். எட்டுப் பேரும் சேர்ந்து கும்பிட்டார்கள். அந்த அம்மாளின் கண்கள் அந்த இரண்டு அறைகளையும் எங்கள் ஒன்பது பேரையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நன்றி, யோசித்துச் சொல்கிறேன் என்றார். டிவி கறுப்பானது.

"அப்ப, கையில வாரது எத்தனை அம்மணி?" என்றார் மாமா.

"பாத்துச் சொல்றனுங்க மாமா."

"நீ டாக்டரு. புடிச்சது போகத்தான் சொல்லியிருப்பியின்னு நெனச்சுப்போட்டேன். எங்கம்பெனியில வேலைக்குச் சேர வாரவனே மொதல்ல அதைத்தான் கேப்பான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவருக்குக் கோபமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது. நான் மாடிக்குப் போய், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். தம்பியிடம் சாவி கொடுத்தாயிற்று. சொந்தம் முழுக்கச் சொல்லியாயிற்று. இனி அவரை வர வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? வாங்க என்றும்தான் எந்த முகத்தோடு சொல்வது?

பிரபு மேலே வந்தார். கொஞ்ச தூரம் என்னோடு சேர்ந்து நடந்தார். மூச்சு வாங்கியதும் நின்றுகொண்டார்.

"நீங்க வராட்டியும் பரவால்லீங்க. நான் மட்டும் ஒரு ரூம் பாத்துக்கறேன்" என்றேன்.

"தம்பிகிட்ட இருந்து சாவிய மறுக்கா வாங்கறதுக்கு எனக்கு வெக்கமா இருக்குது. அதுக்கு அங்க வந்து பட்டினி கெடந்தாப் போச்சு."

"ஊடே இல்லைங்களே."

"நான் பொட்டி செய்யறவன். பெருசா ஒண்ணு செஞ்சு, அதுக்குள்ள இருந்துக்கலாம். அதுலயும் சமையல்கட்டு இருக்காது, அவ்வளவுதான்."

சிரித்துவிட்டேன். பல நாட்களில் அன்றைக்குத்தான் ஒரு இடத்தில் நின்றேன்.

அந்த வீடு கிடைக்கவில்லை. ஒன்பது பேருக்கு இடம் போதாது, மன்னிக்கவும் என்று மரியாதையாக எழுதியிருந்தார். இரண்டே பேர்தான் என்று பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன். அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் ஒற்றை அறையில் ஆரம்பித்தோம், குளிர்காலம் முழுக்க. பிரபுவுக்கு ஒரு பார்சல் கிடங்கில் வேலை கிடைத்தது (அங்கேயும் அட்டைப்பெட்டிதான்). பிறகு ஒரு வீடு கிடைத்தது, சமையல்மேடையும் தொட்டியும் அதிலேயே இருந்தன. இப்போதெல்லாம் என் சம்பளச் சீட்டை ஒவ்வொரு வரியாகப் படிக்கத் தெரியும்.

ஆனால் பெருந்துறையில் யாரும் எந்த எண்ணையும் முழுசாக நம்புவதில்லை. கொழுந்தனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் அவர்கள் தோட்டம் எத்தனை ஏக்கர் என்று சொன்னதும், "வரப்பு, கெணறு போகத்தானுங்களே?" என்று அத்தை கேட்டுவிட்டார். நல்ல வேளையாகச் சம்பந்தம் முறியவில்லை.

போன மாதம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே மாமாவைக் கூப்பிட்டு, "மூணேகால் கிலோ இருக்கறாளுங்க மாமா" என்றேன்.

எதிர்முனையில் மாமா தொண்டையைச் செருமுவது கேட்டது. தழுதழுக்கிறார் என்று நினைத்து எனக்கும் கண் கலங்கியது. பிறகு கேட்டார்:

"துணி போகத்தான அம்மணி?"