கோதுக் கழுத்துக்கு வாங்கின மெசின்

வோபர்ன், ரொறன்ரோ.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய பெரியத்தானுக்கு,

றோஸ்மேரி எழுதிக்கொள்வது. மாதாவின் இரக்கத்தால் இங்கு குளிரைத் தவிர வேறு குறையில்லை. தாங்களும் அக்காவும் அங்கு சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நிற்க. தங்கள் தம்பியைத் தாங்கள் உடனே போன் எடுத்துக் கண்டிக்க வேண்டும்.

பஸ் ஓட்டி ஓய்வெடுத்த மனிசன், வீட்டில சும்மா இருக்காமல், துவக்குச் சுடுற கிளப்பில சேர்ந்து, லைசென்ஸும் எடுத்து, கடதாசி மட்டைக்குக் குறி பார்க்கிறார். ஷெல்லடிக்குத் தப்பி ஓடிவந்த ஆள், அத்தான்! சுட்டு முடிஞ்ச ரவையளின்ர வெறும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, திரும்ப வெடிமருந்து நிரப்பவெண்டு பேஸ்மென்றில இருந்து கழுத்துச் சீவுறார். கோதுக்கும் கழுத்து இருக்காம். வெட்டி அளவாக்கினால் வாயில பிசிறு நிக்குமாம்; உள்ளையும் வெளியையும் சீவாட்டி ரவை ஒழுங்காய் இறங்காதாம். ஸ்ட்ரோக் வந்தாப்பிறகு அவருக்கு வலது கை நடுங்குது. அந்தக் கையால திருகித் திருகிச் சீவுறதைப் பார்க்கப் பொறுக்காமல், பிறந்தநாளுக்குச் சீவுறதுக்கு நல்ல கருவியொண்டு வாங்குவமெண்டு கடைக்குப் போனன். "கழுத்து என்ன அளவு?" எண்டு கடைக்காரன் கேட்டான். பதட்டத்தில "பதினாறரை" எண்டன். அது இவற்ர சேட்டுக் கொலர். "மேடம், வீட்டில பீரங்கியோ வைச்சிருக்கிறியள்?" எண்டான். வெக்கத்தில அவன் காட்டின கரண்ட் மெசினையே வாங்கிக்கொண்டு ஓடிவந்திட்டன்.

இவர் அதைப் போட்டார். அது ஊரில சுட வந்த ஹெலிகொப்ரர் மாதிரி இரைஞ்சுது. நான் மேசைக்குக் கீழ. திரும்பிப் பார்த்தால் இவரும் பக்கத்தில! ரெண்டு பேரும் சிரிச்சம். பிறகு இவர் மெசினை நிப்பாட்டிப்போட்டு, "றோசி, உந்தக் கோதைத் திருகேக்கை மட்டும்தான் என்ர கை நடுங்கிறேல்லை. அதையும் மெசினிட்டைக் குடுக்கச் சொல்லுறியே?" எண்டார். எனக்குக் கோவமும் வந்துது, அழுகையும் வந்துது. அடுத்தநாள் அதைத் திருப்பிக் குடுத்து, பிடி மொத்தமான கைத்திருகி ஒண்டு மாத்தி எடுத்தன். இப்ப மனிசன் மேல வாறதே இல்லை. சோறு ஆறுது, கூப்பிட்டால் "ஓம், வாறன்". உங்கட சொல்லுக்கு மட்டும்தான் அடங்குவார். துவக்கும் வேண்டாம், கோதும் வேண்டாமெண்டு கண்டிப்பாய்ச் சொல்லுங்கோ.

தங்கள் இருவருக்கும் ஆண்டவர் நீடித்த சுகம் அருள்வாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவா,
றோஸ்மேரி றொய்சன்

பி.கு.: போன் எடுக்க வேண்டாம். இதை எழுதிப்போட்டுத் தேத்தண்ணியோட கீழ போனன். ஒரு கோதை என்ர கையில தந்தார். சீவிக் குடுத்தன். வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்திட்டு, "என்னைவிட நீ நல்லாச் சீவுறாய்" எண்டார். துவக்கு லைசென்ஸ் கிளாசுக்கு என்ர பேரையும் குடுத்தாச்சு. அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.