பெம்பர்டன்ஸ் லிப்டின் மணி

“இது டிங் இல்லைத் தம்பி. இது டொங்,” என்றார் ராஜலிங்கம்.

ஜனார்த்தனன் ஏணியில் நின்றபடியே பல்லில் கடித்திருந்த ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்தான். அன்று காலையிலிருந்து அவன் பொருத்திய நான்காவது மணி அது.

“காலையில டொங்தான் வேணும்னு சொன்னீங்களே சார்.”

“நான் சொல்லேல்லை. அது டீச்சர் சொன்னது. அவவுக்கு ஒரு காது அடைப்பு.”

“எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் கேக்குது,” என்றார் கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருந்த பத்மாதேவி டீச்சர். “நீங்கள் கதைக்கிறதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருக்கிறன், அதுதான் கஷ்டம்.”

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாட்கள் இருந்தன.

கண்டி நகரின் நடுவில், நான்கு மாடிகளோடு நின்ற பெம்பர்டன்ஸ் கடையை இழுத்து மூடி இருபத்தாறு வருடமாகிறது. துணி ஒரு மாடி, பீங்கான் ஒரு மாடி, பொம்மை ஒரு மாடி என்று இருந்த கட்டடம் அதன் பிறகு டியூஷன் வகுப்பாகி, லீசிங் கம்பனியாகி, கடைசியில் புறாக்களுக்கென்று ஆகிவிட்டது. அதை சேதுராமன் முதலாளி வாங்கினார். கீழே கடைகள், மேலே ஹோட்டல். பழைய லிப்டை மட்டும், அதன் பித்தளைக் கிராதிக் கதவோடும் கைப்பிடியோடும், அப்படியே பழுதுபார்த்து வைத்தார். அதன் படத்தைப் பேஸ்புக்கில் போட்டதும் ஒரே நாளில் நானூறு பேர் எழுதினார்கள். முன்னூறு பேர் கேட்டது ஒரே கேள்வி: அந்த மணி அடிக்குமா?

முதலாளிக்கும் அதே கவலைதான்.

“சின்னப் பிள்ளையில அப்பா கூட்டிட்டு வருவாரு ஜனா. மாடி வந்ததும் டிங்னு ஒரு சத்தம். இன்னைக்கும் காதுல இருக்கு. வெள்ளிக்கிழமை தெறப்பு விழாவுல அந்த பெல் அடிச்சா, திங்கக்கிழமை உங்களுக்கு பேர்மனன்ட் லெட்டர்.”

அடிக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. ஜனார்த்தனனின் ஒப்பந்தம் அதே வெள்ளிக்கிழமை முடிகிறது. லிப்ட் வேலைக்கென்று அவனை இங்கே அனுப்பிய கம்பனி அவனைத் திருப்பி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிவிடும். கண்டிக்குப் பக்கத்தில், வத்தேகமவில் அவனுக்கு மூன்று மாதக் குழந்தை. இப்போதுதான் முகம் பார்த்துச் சிரிக்கப் பழகியிருந்தது.

ஒரு மணி தானே என்று நினைத்தான்.

முதலில் புது லிப்டுகளில் பொருத்தும் சத்தப் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினான். ஒரு பெண் குரல் மூன்று மொழியில், கதவுகள் திறக்கின்றன என்றது. “ஆஸ்பத்திரியில ஸ்கான் எடுக்கக் கொண்டு போற மாதிரிக் கிடக்கு,” என்றார் பத்மாதேவி டீச்சர். பெம்பர்டன்ஸ் நண்பர்கள் என்ற வட்ஸ்அப் குழுவின் தலைவர் ராஜலிங்கம், செயலாளர் டீச்சர். மணியைச் சரிபார்க்க முதலாளியே இருவரையும் வரவழைத்திருந்தார். இரண்டு பேரும் நாற்பது வருடமாகக் கண்டியில் இருப்பவர்கள். ஒருவர் நில அளவைத் திணைக்களம், மற்றவர் கணக்கு டீச்சர். எதையும் அளக்காமல் விடமாட்டார்கள்.

“சரி, பழைய பெல் எந்த இடத்துல இருந்துச்சு?”

“வலப்பக்கம், மேல,” என்றார் ராஜலிங்கம்.

“கைப்பிடிக்குப் பின்னால,” என்றார் டீச்சர்.

இரண்டு இடத்திலும் டோர்ச் அடித்துப் பார்த்தான். ஒரு ஸ்க்ரூ ஓட்டைகூட இல்லை. லிப்ட் கூட்டின் மேலே ஏறி வயர்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தான். விளக்குக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று. மணிக்கென்று ஒரு வயரும் வரவில்லை.

“வெள்ளைக்காரன்ட வேலை தம்பி. வயரெல்லாம் கண்ணுக்குத் தெரியாது,” என்றார் ராஜலிங்கம்.

ஜனார்த்தனன் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, மணியைப் பற்றி ஞாபகத்தில் இருப்பதையெல்லாம் சொல்லச் சொன்னான். அதுதான் அவன் செய்த பெரிய பிழை.

“கரண்ட் போய் லிப்ட் இடையில நிண்டா ரெண்டு தரம் அடிக்கும். பிள்ளையள் பயப்படாமல் இருக்க,” என்றார் டீச்சர்.

“கரண்ட் இல்லாம எப்படி அடிக்கும்?”

“அதுதான் பெம்பர்டன்ஸ்.”

“மார்கழி மழைக்குக் கொஞ்சம் கரகரக்கும்,” என்றார் ராஜலிங்கம். ஈரப்பதம், என்று எழுதிக்கொண்டான்.

“தீபாவளிக்கு அடுத்த நாள் அடிக்காது,” என்றார் டீச்சர்.

“ஏன்?”

“சேர்விஸா இருக்கும்.”

“லிப்ட ஓட்டுன ஆள் யாராவது இருக்காங்களா? அவருக்குத் தெரிஞ்சிருக்குமே.”

இருவரும் யோசித்தார்கள். காக்கிக் கோட்டுப் போட்ட ஒருவர் இருந்தார், பெயர் தெரியாது, முகமும் ஞாபகமில்லை. “ஆனா அந்த மணி, தம்பி,” என்று ராஜலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார், “அதை மறக்கேலாது.”

அன்று பின்னேரம் வாசலில் ஒரு வயதான மனிதர் நின்றார். வெள்ளைச் சேட்டு, கையில் குடை. முகத்துக்குப் பொருந்தாத அளவு வெண்மையான பல்வரிசை.

“சார், பன்விலயிலிருந்து வர்றேன். அழகமுத்துன்னு பேரு. அந்த லிப்ட ஒரு தடவ பாக்கணும்.”

“பெல் ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?”

“இல்லீங்களே.”

“அப்ப வெள்ளிக்கிழமை வாங்க. தெறந்த பிறகு எல்லாரும் பாக்கலாம்.”

கிழவர் போகவில்லை. காவலாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸுக்கு எழுந்து போனார்.

புதன்கிழமை ஜனார்த்தனன் வேறொரு வழியைக் கண்டுபிடித்தான். கடையை மூடியபோது சாமான்களை ஏலத்தில் விற்றார்கள் அல்லவா, மணியையும் யாரோ வாங்கியிருப்பார்கள். வட்ஸ்அப் குழுவில் ஒரு வேண்டுகோள் போடச் சொன்னான். பகல் சாப்பாட்டுக்குள் ஒன்பது மணிகள் வந்து சேர்ந்தன. பள்ளிக்கூட மணி ஒன்று, பூசை மணி இரண்டு, சைக்கிள் மணி ஒன்று, தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பிரட்டு மணி ஒன்று. இன்னொன்றின் அடியில் விலை ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது. கொண்டுவந்த ஒவ்வொருவரும் இதுதான் அசல் என்று சத்தியம் செய்தார்கள். பூசை மணிக்காரர் இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கடைசியாக மடவளையிலிருந்து ஜெஸீமா வந்தார். பித்தளைக் கடைச் சொந்தக்காரி. பத்திரிகைத் தாளில் சுற்றி ஒரு மணி.

“இது எங்கட வாப்பா ஏலத்துல எடுத்த. நான் விக்க வரல்ல. அடிச்சிப் பாத்துட்டு பத்திரமாத் திருப்பித் தரணும்.”

ராஜலிங்கம் ஒருதரம் அடித்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. “இதுதான்.”

“இது காசாளரின்ர மேசையில இருந்த மணி,” என்றார் டீச்சர்.

“அப்ப எங்கட வாப்பா பொய் செல்லியா?” என்றார் ஜெஸீமா.

டீச்சர் முதல் முறையாகப் பின்வாங்கினார். ஜனார்த்தனன் அந்தக் கணத்தை விடவில்லை. உடனே ஏறி, கரண்டில் அடிக்கும் சுத்தியல் ஒன்றை வைத்து, வயர் கொடுத்து மணியை மாட்டினான்.

அழகமுத்து அன்றும் வந்திருந்தார். “சார், ஒரு நிமிசம்,” என்றார்.

“பெரியவரே, தயவு செஞ்சு. மணிக்காரங்களையே என்னால சமாளிக்க முடியல்ல.”

வியாழன் காலை சோதனை ஓட்டம். முதலாம் மாடியில் மணி அடித்தது. அருமையாக அடித்தது. பிறகு நிற்கவில்லை. சுத்தியலின் சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. சுவிட்சை அணைத்தான், அப்போதும் அடித்தது. வயரைப் பிடுங்கலாம் என்று மேலே ஏறுவதற்குள், மூன்றாம் மாடியில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பதினாறு பேரும் நெருப்பு என்று நினைத்துப் படியிறங்கி வீதிக்கு ஓடினார்கள். அவர்களைக் கண்டு கீழ்க்கடைக்காரர்கள் ஓடினார்கள். யாரோ தீயணைப்புப் படைக்குப் போன் பண்ணினார்கள். சிவப்பு வண்டி வந்து நின்றதும் வாவிக்கரை வரைக்கும் வாகனங்கள் தேங்கின. ஏழாவது நிமிடம் மணி தானாகவே நின்றது. அதில் ஒரு விரிசல் விழுந்திருந்தது.

ஜெஸீமா வந்து மணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தியிருந்தால் ஜனார்த்தனனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“வாப்பா மௌத்தாகி பத்து வருசம்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி போனில் பேசினார். “ஜனா, பயர் பிரிகேட்லயிருந்து எனக்குக் கோல் வந்துச்சு. நாளைக்கு என்ன சத்தம் வந்தாலும் ஒரு தடவதான் வரணும். வரலைன்னா நீங்க கொழும்புக்கு உடுப்பு அடுக்கலாம்.”

மிச்சம் இருந்தது ஒரே வழி. இணையத்தில் பல மணிகளின் சத்தத்தைத் தேடியெடுத்து, எதற்கென்று சொல்லாமல் போட்டுக்காட்டி, அவற்றுள் ராஜலிங்கமும் டீச்சரும் ஓரளவு சகித்துக்கொண்ட ஒன்றைத் தன் போனில் ஏற்றினான். கையளவு புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை லிப்டின் கூரையில் மறைத்துக் கட்டினான். மாடி வரும்போது போனை அமுக்கினால் டிங். யாரும் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளி காலை பத்துத் தடவை அமுக்கிப் பார்த்தான். பத்துத் தடவையும் அடித்தது.

ஆனால் இன்னொரு தொல்லை இருந்தது. லிப்டின் கைப்பிடியைச் சரியான கணத்தில் விட்டால்தான் லிப்ட் மாடியோடு சமமாக நிற்கும். அவன் விட்டால் ஒரு சாண் மேலே நிற்கும், அல்லது ஒரு சாண் கீழே. போனையும் கைப்பிடியையும் ஒரே நேரத்தில் பார்ப்பது ஆகிற காரியமில்லை.

“கைப்பிடிய நான் புடிச்சிக்கிறேன் சார்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அழகமுத்து. வெளியே மழை. குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “எனக்குக் கொஞ்சம் பழக்கம்.”

வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றது. ஜனார்த்தனனுக்கு யோசிக்க நேரமில்லை.

“வாங்க. ஆனா வாயத் தெறக்காம நிக்கணும்.”

அழகமுத்து தயங்கினார். பிறகு உள்ளே போய், கைப்பிடி இருந்த மூலையில் நின்றுகொண்டார்.

நாடா வெட்டினார்கள். முதலாளி, ராஜலிங்கம், டீச்சர், பின்னால் இன்னும் இரண்டு பேர் லிப்டில் ஏறினார்கள். பின்வரிசையில் ஜெஸீமாவும் வந்து நின்றதைப் பார்த்து ஜனார்த்தனனுக்கு வியர்த்தது. அழகமுத்து கிராதிக் கதவை ஒரு கையால் இழுத்தார். மூன்று நாளாக ஜனார்த்தனன் இரண்டு கையாலும் மல்லுக்கட்டிய கதவு சத்தமில்லாமல் வந்து பூட்டிக்கொண்டது. லிப்ட் மேலே போனது.

முதலாளி எட்டு வயதுப் பிள்ளையைப் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலாம் மாடியின் தரை கண்ணுக்குத் தெரிந்ததும் ஜனார்த்தனன் சட்டைப் பைக்குள் இருந்த போனை அமுக்கினான். சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினான். எடுத்துப் பார்த்தான். ஸ்பீக்கர் சார்ஜ் இறங்கி அணைந்துபோயிருந்தது. பத்துச் சோதனைக்குப் பதில் ஒன்பதோடு நிறுத்தியிருக்கலாம். கொழும்பில் எந்த இடத்தில் அறை எடுப்பது என்று அவன் மனம் யோசிக்கத் தொடங்கியது.

டிங்.

தெளிவாக, சின்னதாக, ஒரே ஒரு தடவை. லிப்ட் மாடியோடு மயிரிழை பிசகாமல் நின்றது.

ராஜலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஜெஸீமா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “வாப்பா கையப் புடிச்சிட்டு நிப்பேன்,” என்றார் யாருக்கென்றில்லாமல்.

“இதுதான்,” என்றார் ராஜலிங்கம். “கொஞ்சம் கரகரப்பு, ஆனா இதுதான்.”

“மழை நாள்தானே,” என்றார் டீச்சர். மூன்று நாளில் அவர்கள் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

முதலாளி ஜனார்த்தனனின் தோளை இறுக்கிப் பிடித்தார். “திங்கக்கிழமை லெட்டர். ஆனா ஒண்ணு ஜனா. இனி தினமும் காலையிலயிருந்து பூட்டுற வரைக்கும், மாடிக்கு மாடி இதே பெல் அடிக்கணும்.”

“எங்க தம்பி ஒளிச்சு வச்சிருந்தனீர் இதை?” என்று ராஜலிங்கம் கூரையைத் தேடினார்.

ஜனார்த்தனனும் கூரையைப் பார்த்தான். கையிலிருந்த போனைப் பார்த்தான். கொண்டுவந்த மணிகளையெல்லாம் அவனே கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டியிருந்தான். லிப்டுக்குள் மணி என்று ஒன்றும் இல்லை.

அப்போது அழகமுத்து கைப்பிடியை விடாமலே அவன் காதருகே குனிந்தார்.

“மன்னிச்சுக்கங்க சார். புதுப் பல்லு, நாக்குக்கு இன்னும் பழகல்ல. அடுத்த மாடிக்குச் சரியா அடிச்சிடறேன்.”