மைக்ரான் அண்ணனுக்கு வந்த ரிப்போர்ட்

கடவுளே இறங்கி வந்து ஒரு போல்ட் செய்து கொடுத்தாலும் அளவு சரிபார்க்கணும் என்று அதை ஹோல்டில் நிறுத்தி வைக்கக்கூடிய ஆள், ஓசூர் தொழிற்பேட்டையில் மைக்ரான் அண்ணன் ஒருத்தர்தான். எங்கள் கம்பெனியின் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவருடைய சொந்தப் பெயர் ஐடி கார்டுக்கு மட்டுமே தெரியும்.

ராயக்கோட்டைத் தக்காளியை, போல்ட் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்து அளந்து வாங்கியவர். பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு வடையைத் தின்றுவிட்டு, ஒரு பீஸை வைத்து மொத்த லாட்டை முடிவு பண்ணக்கூடாது என்று மீதி ஏழு வடையையும் தின்றவர்.

காதுக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. அதற்கும் வாரம் ஒருமுறை வெர்னியர் வைத்து ரீடிங் எழுதினார். ரீடிங் ஏறிக்கொண்டே போனது. நான்தான் பெங்களூருக்கு இழுத்துப் போனேன்.

ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, எச்சில் சுரப்பியில் புற்றுநோய் என்றார். அண்ணன் நிதானமாகக் கேட்டார்:

"என்ன கிரேடு மேடம்?"

மெதுவாக வளரும் லோ கிரேடா, வேகமாகப் பரவும் ஹை கிரேடா என்பதை ஊசியில் எடுத்த இந்தத் துளியை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, கட்டியை முழுசாக எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கணும் என்றார் அவர். அண்ணன் முகத்தில் வெளிச்சம். என் பக்கம் குனிந்து, "இந்தம்மா நம்ம டிபார்ட்மென்ட்ல இருக்க வேண்டியவங்கப்பா" என்றார்.

முக நரம்புக்குச் சேதமில்லாமல் கட்டியை எடுத்தார்கள். ரிப்போர்ட்டுக்குப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் பாகலூர் ரோட்டு மேகமெல்லாம் அவர் வீட்டு மொட்டை மாடியிலேயே வந்து படுத்துக்கிடந்தது. கவரைக் கையில் கொடுத்தபோது, ஆயுளெல்லாம் ரிப்போர்ட் படித்த மனிதர் அதைப் பிரிக்கவில்லை.

"நீயே படிப்பா. எனக்குக் கை ஆடுது, ரீடிங் தப்பா வரும்."

படித்தேன். லோ கிரேடு. வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை. திரும்பி வரும் வாய்ப்பு குறைவு, ஆனாலும் வருஷக்கணக்கில் செக்கப்புக்கு வரணும் என்றார் டாக்டரம்மா.

"இனிமே வராதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா மேடம்?"

"அப்படி யாராலயும் எழுதிக் கொடுக்க முடியாது சார்."

அதைக் கேட்ட பிறகுதான் அவருக்கு அந்த ஆஸ்பத்திரி மேல் முழு நம்பிக்கை வந்தது.

இப்போதெல்லாம் அவருடைய செக்கப் நாளில் எனக்குப் பெங்களூரில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடுகிறது. பஸ் அத்திப்பள்ளி தாண்டியதும் அண்ணன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். அப்படி என்னப்பா வேலை என்று இன்றுவரை அவர் கேட்டதில்லை.