அசைந்து கொடுக்காத காலர்

இனிமேல் மனைவி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளியலறைக் கண்ணாடி முன்னால் சபதம் எடுத்தேன். ஆனால் என் சபதத்தை என் கழுத்து மதிக்காது. அவள் 'என்னங்க' என்றாலே தானாக ஆடும். ஒருமுறை அவள் பூனையைக் கூப்பிட்டதற்குக்கூட ஆடியிருக்கிறது.

விஷயம் சாதாரணமில்லை. அவள் தம்பி கிளாரினெட் கற்றுக்கொள்கிறான். தங்கி ஊதுவதற்கு எங்கள் முன்னறை வேண்டுமாம். முன்னறை என்றால் என் சாய்வு நாற்காலி, என் ஜன்னல், என் மதியத் தூக்கம். அவன் வந்தால் மூன்றும் போயிற்று.

ஆகவே கழுத்துக்குக் காவல் போட்டேன். மைதாவைக் கரைத்துக் கெட்டிக் கஞ்சியாகக் காய்ச்சி, வெள்ளைச் சட்டையின் காலரை அதில் திரும்பத் திரும்ப முக்கினேன். அரை ஈரத்தில் தேய்க்க வேண்டும். முதலில் உள்பக்கம், அதுவும் நுனியிலிருந்து நடுவுக்கு. மாற்றித் தேய்த்தால் சுருக்கமெல்லாம் மூலையில் போய் ஒளிந்துகொள்ளும். தேய்த்து முடித்ததும் காலர் என்னையே முறைத்துக்கொண்டு நின்றது. விரலால் தட்டினேன். டொக் டொக். பக்கத்து வீட்டில் யாரோ, "இதோ வரேன்" என்று கதவைத் திறந்து பார்த்தார்கள். நுனியால் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கினேன். நீங்கள் நம்ப வேண்டாம். பழம் நம்பியது.

மேல் பொத்தான்வரை போட்டேன். முகவாய் காலர்மேல் ஏறி உட்கார்ந்தது. மேலே கீழே, இடம் வலம், எங்கும் வழியில்லை. வாயும் திறக்காது. அதனாலென்ன, வாய் திறந்து நான் எந்த நாளில் ஜெயித்தேன்?

முன்னறையில் போய் உட்கார்ந்தேன்.

"என்னங்க, தம்பி நாளைக்கு வரட்டுமா?"

கழுத்து துடித்தது. காலர் விடவில்லை.

"உங்களைத்தான். வரலாம்னா தலையாட்டுங்க."

அசைவில்லை. அவள் கிட்டே வந்து காலரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஓ, கஞ்சியா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் பதில் வாங்காமல் போனது அன்றுதான். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஆசை. அதற்குமேல் தூக்க இடமில்லை.

திரும்பி வந்தபோது எதிர்வீட்டு வக்கீலும் கூட வந்தார்.

"சார், ஒரு சின்ன விஷயம். நீங்கதான் சாட்சி. என் தம்பி இந்த ரூம்ல தங்கப் போறான். இவருக்கு ஆட்சேபணை இருக்கான்னு கேளுங்க."

"என்ன சார், ஆட்சேபணை உண்டா?"

"இருந்தா லேசா தலையாட்டினாப் போதும்" என்றாள் அவள்.

ஆட்டினேன். உயிரைக் கொடுத்து ஆட்டினேன். காது சிவந்தது, கண் பிதுங்கியது. நாற்காலி ஆடியது. தலை ஆடவில்லை.

"நாற்காலி ஆடுதேம்மா."

"பழைய நாற்காலி சார். ஆடும்."

கையை எடுத்து வேகமாக ஆட்டினேன்.

"பாருங்க, போயிட்டு வாங்கன்னு உங்களுக்கு டாட்டா காட்டறார்."

வக்கீலும் பதிலுக்குக் கையாட்டினார். "தலையை ஆட்டினாத்தானே ஆட்சேபணை. இவ்வளவு பெருந்தன்மையான மனுஷரை நான் பார்த்ததில்லம்மா. முகத்துல என்ன கம்பீரம்."

மறுநாள் மச்சினன் வந்து சேர்ந்தான். இப்போது முன்னறையில் அவன் ஊதுகிறான். நான் சமையலறையில் அவன் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்க்கிறேன். தற்பெருமை இல்லை, ஒவ்வொரு காலரும் வாள் மாதிரி நிற்கிறது. இந்த வேலையில் எனக்கு ஆட்சேபணை உண்டா என்பதையும், அன்றைக்கே வக்கீல் வாசலைத் தாண்டுவதற்குள், அவள் கேட்டுப் பதில் வாங்கிவிட்டாள்.