வாசக்கதவத் தொறக்க விடாத லேமினேட் தரை

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஹால்ல லேமினேட் பலகைத் தரை போடணும்.

அன்னைக்கு சாயங்காலம் எங்க மக காவ்யாவ பொண்ணு பாக்க வர்றாங்க. பையன் நவீன் அவகூட யூனிவர்சிட்டில படிச்சவன். ரெண்டு பேரும் எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க. ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் இன்னும் சந்திக்கல, அவ்வளவுதான்.

எங்க கிளமெண்டி அடுக்குமாடி வீட்டு ஹால்ல பழைய டைல்ஸ். அங்கங்க விரிசல். அதப் பாத்து என் மனைவி மாலதி ஒரு பெருமூச்சு விட்டா. நான்தான் அத ஆர்டரா எடுத்துக்கிட்டேன்.

"கான்ட்ராக்டர கூப்பிடுங்களேன்."

"எதுக்கு? வீடியோ பாத்துட்டேன். பலகைய பலகையோட கோத்தா டக்குனு உக்காந்துக்கும். பழைய டைல்ஸ் மேலயே போடலாம்."

"இப்பவே போடணுமா? அவங்க வந்துட்டுப் போகட்டுமே?"

"அவங்க பாக்கத்தான லா போடுறதே!"

சனிக்கிழமை ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடையில பலகை வாங்கினேன். கடைக்காரர் நல்ல மனுஷன். கேக்காமலே சொன்னார்.

"அண்ணே, பெட்டிய ரெண்டு நாள் வீட்ல சும்மா வைங்க. நம்ம ஊர் ஈரத்துக்குப் பலகை பழகட்டும். அது ஊதும், அதனால சுவரோரம் சுண்டுவிரல் அளவு கேப் விடுங்க. முக்கியமா, கதவுக்கு அடியில எடம் இருக்கானு பாத்துட்டு ஆரம்பிங்க."

"தெரியும் லா"ன்னேன்.

தெரியாது.

ஞாயித்துக்கிழமை காலையில மாலதி பூ, லட்டு எல்லாம் வாங்க தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிட்டா. சோஃபாவ காவ்யா ரூமுக்குள்ள தள்ளினேன். அவ சோஃபாவுக்குப் பின்னாடி எங்கயோ இருந்தா. சுத்தியல் சத்தம் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவா இருக்கக்கூடாதுனு வாசக்கதவ சாத்தினேன்.

அன்னைக்கு நான் யோசிச்சு செஞ்ச ஒரே காரியம் அதுதான். அதுதான் வினையாவும் போச்சு.

வாசக்கதவு ஓரத்துல முதல் வரிசை. அப்படியே பின்னாடி நகந்துக்கிட்டே போனேன். டக். டக். நிஜமாவே டக்குனு உக்காந்துச்சு! எனக்குள்ள இவ்வளவு பெரிய தச்சன் இருந்தது எனக்கே தெரியாது.

கடைசி வரிசை எதிர் சுவத்துல முட்டுச்சு. கேப் விடணும்ன்றது ஞாபகம் இருந்துச்சு. ஆனா கேப் விட்டா கரப்பான் குடித்தனம் வந்துடுமே! சுத்தியல எடுத்து இறுக்கி அடிச்சேன். நாலு சுவத்துலயும் ஒரு ஊசி நுழைய எடமில்ல.

ஃபோட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டேன். எல்லாரும் கைதட்டுற பொம்மை அனுப்பினாங்க.

அப்ப சாவி திரும்புற சத்தம் கேட்டுச்சு. கதவு தொறக்கல.

"என்னங்க, உள்ள தாப்பா போட்டிருக்கீங்களா?"

"இல்லையே. தள்ளு."

"தள்ளுறேன்!"

"நல்லா தள்ளு லா!"

குனிஞ்சு பாத்தேன். எங்க வாசக்கதவு உள்பக்கமா தொறக்கிற கதவு. புதுத் தரை கதவோட அடியவிட ஒசரம். கதவு பலகையில முட்டிக்கிட்டு நிக்குது.

மாலதி முகம் காரிடர் ஜன்னல்ல வந்துச்சு. கம்பிக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான்.

"எப்படித் தொறக்கிறது?"

"முதல் வரிசைய எடுத்தா தொறந்துடும்."

"எடுங்க."

"அத எடுக்கணும்னா கடைசி வரிசையிலேர்ந்து கழட்டிக்கிட்டே வரணும்."

"கழட்டுங்க."

"கடைசி வரிசைய சுவத்தோட சேத்து அடிச்சிட்டேன். அசையமாட்டேங்குது."

மாலதி பையிலேர்ந்து பூவ எடுத்தா. சோஃபாவத் தாண்டி வந்த காவ்யாகிட்ட அத கம்பி வழியா குடுத்தா.

சாயங்காலம் வரைக்கும் நெம்பிப் பாத்தேன். உறிஞ்சி எடுக்கிற ரப்பர் கப்ப வச்சு இழுத்துப் பாத்தேன். ரப்பர் கப் வந்துச்சு, பலகை வரல. லிஃப்ட் தொறக்கிற சத்தம் கேட்டுச்சு. பையன் வீட்டுக்காரங்க!

"வாங்க, வாங்க!"ன்னேன் ஜன்னல் வழியா. சொன்னதுக்கப்புறம்தான் எப்படி வருவாங்கனு தோணுச்சு.

அடுத்த வீட்டு மலாய்க்காரம்மா, நாங்க மக்சிக்னு கூப்பிடுறவங்க, நிலைமையப் பாத்துட்டு நாற்காலி கொண்டுவந்து காரிடர்ல போட்டாங்க. அப்படியே தனக்கும் ஒண்ணு போட்டுக்கிட்டாங்க.

காவ்யா பட்டுச்சேலையில டீ கொண்டுவந்தா. தட்டு கம்பிக்குள்ள நுழையல. ஒவ்வொரு கப்பா நீட்டினா, நவீன் வாங்கி வாங்கி எல்லாருக்கும் குடுத்தான். எங்க சொந்தத்துல மாப்பிள்ளை டீ பரிமாறின முதல் பொண்ணு பாக்கிற வைபவம் இதுதான்.

"அங்கிள், சுவரோரம் கேப் விட்டிருப்பீங்களே, அதுல நெம்பலாமே?"ன்னான்.

"விடல தம்பி."

"விடணுமே அங்கிள்?"

"ஆமா. விடணும்."

பையனோட அப்பா எழுந்து வந்து ஜன்னல் வழியா தரைய ரொம்ப நேரம் பாத்தார்.

"கலர் நல்லா இருக்கு"ன்னார்.

மக்சிக்கோட வீட்டுக்காரர் ஒரு உளி கொண்டுவந்து கம்பி வழியா நீட்டினார். வேற வழியில்ல. காலையில நான் போட்ட தரைய, வருங்கால சம்பந்தி பாத்துக்கிட்டே இருக்க, நானே ஒடைச்சேன். ஒவ்வொரு அடிக்கும் மாலதி கண்ண மூடிக்கிட்டா. காவ்யா மட்டும் வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சா. வெளிய நவீனும் சிரிச்சான்.

கதவு தொறந்துச்சு. காரிடர்ல கைதட்டல்! ஒடைஞ்ச பலகையத் தாண்டி, பொம்பளைங்க சேலையத் தூக்கிப் பிடிச்சுக்க, எல்லாரும் உள்ள வந்தாங்க. உக்கார சோஃபா இல்ல. நின்னுக்கிட்டே லட்டு சாப்பிட்டாங்க.

பையனோட அப்பா தொண்டையக் கனைச்சார்.

"எங்களுக்குப் பொண்ண ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு கண்டிஷன்."

மாலதி என்னைப் பாத்தா. அது ஒரு மனைவி பாக்கிற பார்வை இல்ல.

"புள்ளைங்களுக்குப் புது வீடு கிடைக்கும்ல," அவர் ரொம்ப மரியாதையாத்தான் சொன்னார், "அங்க ரெனோவேஷன் வேலை எதையும் நீங்க தொடக்கூடாது."

"சரிங்க"ன்னேன்.

வரதட்சணைனு அவங்க கேட்டது அது ஒண்ணுதான்.